எட்டுப் பேர், ஒரு கதை: இணையத்தில் சங்கிலிக் கதை நடத்தும் முறை

ஒருவர் முதல் அத்தியாயம் எழுதுவார். அதை வாங்கிக்கொண்டு இன்னொருவர் இரண்டாவது எழுதுவார். இப்படிக் கைமாறிக் கைமாறிக் கடைசி ஆளிடம் முடிவது சங்கிலிக் கதை. எழுத்தாளர் குழுக்களுக்கு இதைவிட எளிதாகத் தோன்றும் நிகழ்ச்சி வேறில்லை. "ஆளுக்கு ஓர் அத்தியாயம் எழுதலாமா?" என்று வாட்ஸ்அப்பில் யாராவது கேட்ட அன்றே பதினைந்து பேர் கை தூக்கிவிடுவார்கள். மூன்றாவது அத்தியாயத்தோடு அது நின்றும் போய்விடும். எழுதத் தெரியாததால் நிற்பதில்லை. ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு என்னென்ன போய்ச் சேர வேண்டும் என்று யாரும் முடிவு செய்திருக்க மாட்டார்கள். அத்தியாயம் மட்டும் போகும். அதை எழுதியவர் மனதில் இருந்த கணக்கு போகாது. கீழே உள்ள முறையில் பாதிக்குமேல் அந்தக் கைமாற்றத்தைப் பற்றியதுதான்.

அளவும் நாள்கணக்கும்

எட்டு எழுத்தாளர்கள், எட்டு அத்தியாயங்கள், அத்தியாயத்துக்கு 700 முதல் 900 சொற்கள். மொத்தம் ஏறத்தாழ 6,400 சொற்கள் வரும். ஒரே மூச்சில் வாசித்துவிடக்கூடிய நெடுங்கதை. பன்னிரண்டு பேரைச் சேர்த்தால் முதல் ஆளுக்குத் தான் எழுதியதே மறந்துபோகும் அளவுக்கு நாள் இழுக்கும். ஐந்து பேரோடு நிறுத்தினால் ஒருவர் விலகினாலே கதையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும்.

சொல் எண்ணிக்கைக்கு மேல்வரம்பு கட்டாயம். இரண்டாவது ஆள் 2,000 சொல் எழுதிவிட்டால் மூன்றாவது ஆள் தானும் அவ்வளவு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கீழ்வரம்பும் வேண்டும், 300 சொல்லில் முடிந்த அத்தியாயம் பெரும்பாலும் வேலையை அடுத்தவர் தலையில் இறக்கிவைத்ததாகத்தான் இருக்கும்.

ஒருவருக்கு 72 மணி நேரம். ஒரு வாரம் கொடுத்தாலும் கடைசி இரண்டு நாளில்தான் எழுதப்போகிறார்கள். எட்டு பேருக்கு 24 நாள். இரண்டு அத்தியாயத்துக்கு ஒரு நாள் என்று நான்கு நாள் இடைவெளி வைத்தால் 28. முன்னேற்பாட்டுக்கு 14 நாளும் தொகுப்பு வேலைக்கு 10 நாளும் சேர்த்தால் மொத்தம் 52 நாள். இடைவெளி நாள்களை அட்டவணையில் எழுத்தாளர்களுக்குக் காட்ட வேண்டாம். தெரிந்தால் அதையும் எழுதும் நாளாகவே எண்ணிக்கொள்வார்கள்.

எப்போது தொடங்குவது? ஜனவரியில் பொங்கலும் சென்னைப் புத்தகக் காட்சியும் சேர்ந்து வரும். பாதிப் பேர் கையில் சிக்க மாட்டார்கள். யாழ்ப்பாணத்து எழுத்தாளர்கள் இருந்தால் நல்லூர்த் திருவிழாவின் 25 நாளையும் விட்டுவிடுவது நல்லது. பிப்ரவரி முதல் தேதி தொடங்கினால் மார்ச் 24 வாக்கில் முடியும். பொங்கலும் சித்திரைப் புத்தாண்டும் இரு பக்கமும் விலகி நிற்கும். பள்ளி ஆசிரியர்கள் குழுவில் இருந்தால் மார்ச் பொதுத்தேர்வுக்கு முன்பே அவர்கள் முறை முடிந்துவிடுமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்னேற்பாட்டில் ஒன்று, எல்லாம் முடிந்தபின் ஒன்று என எல்லோரும் கூடும் நேரலைக் கூட்டம் இரண்டே போதும். பிப்ரவரியில் சனிக்கிழமை இந்திய நேரம் மாலை 5:30 என்றால் டொரோண்டோவில் காலை 7, லண்டனில் நண்பகல் 12, சிங்கப்பூரில் இரவு 8, சிட்னியில் இரவு 11. சிட்னிக்காரருக்குக் கஷ்டம்தான், எந்த நேரம் வைத்தாலும் யாராவது ஒருவருக்குக் கஷ்டம். மார்ச் இரண்டாம் ஞாயிறன்று டொரோண்டோ கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போகும், லண்டன் அந்த மாதக் கடைசி ஞாயிறில் மாறும், இந்தியாவும் இலங்கையும் சிங்கப்பூரும் மாறுவதில்லை. ஆகவே கெடு நேரங்களை எல்லாம் இந்திய நேரத்தில் எழுதி, பக்கத்திலேயே அவரவர் ஊர் நேரத்தையும் போட்டுக்கொடுங்கள். "நாளை இரவுக்குள்" என்று எழுதவே கூடாது. எந்த ஊர் இரவு என்ற சண்டை நிச்சயம் வரும்.

மூன்று பொறுப்புகள்

ஒருங்கிணைப்பாளர், தொகுப்பாசிரியர், பிழை திருத்துபவர் என்று மூன்று பேர். மூவரும் கதை எழுதும் எட்டுப் பேரில் இருக்கக் கூடாது. ஒருங்கிணைப்பாளருக்கு நாள்காட்டி, நினைவூட்டல், மாற்று ஏற்பாடு. தொகுப்பாசிரியருக்குக் கதை. இந்த இரண்டு வேலையையும் ஒருவரே பார்த்தால், நேற்று "எங்கே அத்தியாயம்?" என்று நெருக்கியவரே இன்று "இந்தப் பத்தியை வெட்டலாமா?" என்று கேட்க வேண்டி வரும். எழுதியவருக்கு இரண்டும் ஒரே குரலில் கேட்கும்.

ஜப்பானில் பலர் கூடிச் சேர்ந்து புனையும் ரெங்கா என்ற தொடர்கவிதை மரபில் இந்த இரண்டு வேலையும் பல நூற்றாண்டுகளாகவே பிரிந்துதான் இருக்கிறது. அவையை நடத்த ஓர் ஆசான், வந்த கண்ணிகளை (ஆளுக்கு ஆள் சேர்க்கும் பாட்டுத் துண்டுகளை) விதிக்கு ஒத்துப் பார்த்து ஏட்டில் பதிய ஓர் எழுத்தர். 1488இல் சோகி என்ற கவிஞரும் அவருடைய இரண்டு சீடர்களும் மினாசே என்ற ஊரில் பாடிய 100 கண்ணிகளை இன்றும் அந்த மரபின் உச்சமாகச் சொல்கிறார்கள். அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள இன்னொரு விதியும் உண்டு. ஒரு கண்ணி தனக்கு முந்தியதோடு ஒட்ட வேண்டும். அதற்கும் முந்தியதிலிருந்து விலக வேண்டும். அத்தியாயங்களுக்கும் அப்படியே பொருத்தலாம். மூன்றாம் அத்தியாயம் சமையற்கட்டில் நடந்தால் நான்காவது அங்கிருந்து கிளம்பலாம். ஐந்தாவது திரும்பச் சமையற்கட்டுக்கு வரக் கூடாது. நடுவில் கதை ஒரே இடத்தில் சுற்றும் நோய்க்கு இந்த ஒரு விதி போதும்.

விதை

கதைக்கான தொடக்கச் சூழலைத் தொகுப்பாசிரியர் எழுதிக்கொடுக்க வேண்டும். 150 சொல் போதும். "எல்லோரும் பேசி முடிவு செய்யலாம்" என்று விட்டால் எட்டுக் கதைக்கான விதைகள் வந்து சேரும். நல்ல விதைக்கு மூன்று அடையாளம்: ஒரே இடம், குறுகிய காலம், பலர் வந்துபோக நியாயமான காரணம்.

ஓர் எடுத்துக்காட்டு. கும்பகோணத்தில் ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்தத்துக்கு முந்திய இரவு 8 மணி. காலை 6 மணிக்குத் தாலி கட்ட வேண்டும். மாலை வாங்கப் போன பெண்ணின் சித்தப்பா இன்னும் திரும்பவில்லை. நகைப்பெட்டியின் சாவி அவரிடம் இருக்கிறது. இவ்வளவுதான். இடம் ஒன்று, பத்து மணி நேரம், எட்டு அத்தியாயம்; ஒவ்வொருவருக்கும் கதைக்குள் சுமார் ஒன்றேகால் மணி நேரம் கிடைக்கும். சமையல்காரர், நாதஸ்வரக் குழு, ஜெனரேட்டர் பையன், வீடியோ எடுப்பவர், டொரோண்டோவிலிருந்து வந்த உறவினர் என்று யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். டொரோண்டோவில் இருக்கும் எழுத்தாளர் தஞ்சாவூர்ப் பேச்சைக் கஷ்டப்பட்டு எழுத வேண்டியதில்லை. அந்த உறவினரின் கண் வழியாக எழுதலாம்.

மூன்று தலைமுறைக் கதை, சரித்திரக் கதை, மாய உலகம் ஆகியவற்றை முதல் முயற்சியில் தவிர்த்துவிடுங்கள். ஒருவர் மனதில் முழுதாக இருந்தால் மட்டுமே நிற்கக்கூடியவை அவை.

ஒழுங்குத் தாள்

விதையோடு ஒரு பக்க ஒழுங்குத் தாளும் போக வேண்டும். இறந்த காலமா நிகழ்காலமா, படர்க்கையா தன்மையா, உரையாடல் பேச்சு வழக்கிலா எழுத்து வழக்கிலா, எண்கள் எண்ணாலா எழுத்தாலா என்பதெல்லாம் நான்கு வரியில் முடிந்துவிடும். தமிழில் அதைவிடப் பெரிய சிக்கல் மரியாதை விகுதியும் உறவுமுறையும். முதல் அத்தியாயத்தில் மாமியார் "வந்தார்", மூன்றாவதில் "வந்தாள்", ஐந்தாவதில் "வந்தாங்க" என்று ஆகிவிட்டால் கடைசியில் எட்டு அத்தியாயத்தையும் வரிவரியாகத் திருத்த வேண்டி வரும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் கதைசொல்லி பயன்படுத்தப்போகும் விகுதியை முன்பே எழுதிவையுங்கள்.

யார் யாரை எப்படி அழைப்பார் என்பதற்கு ஒரு கட்டம் போட வேண்டும். பாத்திரங்கள் ஆறென்றால் ஆறுக்கு ஆறு கட்டம். அப்பாவின் அக்காவைத் தமிழ்நாட்டில் அத்தை என்பார்கள். யாழ்ப்பாணத்தில் அவர் மாமி. தமிழ்நாட்டு வாசகருக்கு மாமி என்றால் மாமாவின் மனைவிதான் நினைவுக்கு வரும். அம்மாவைப் பெற்றவர் ஒரு வீட்டில் அம்மம்மா, இன்னொரு வீட்டில் அம்மாச்சி, வேறொரு வீட்டில் ஆச்சி. எட்டுப் பேரும் எட்டு ஊர்க்காரர்கள் என்றால் அவரவர் வீட்டுச் சொல் தன்னறியாமல் வந்து விழும். வாசகர் புதிதாக ஒரு பாட்டி வந்துவிட்டார் என்று நினைத்துக்கொள்வார். கட்டத்தில் இல்லாத உறவுச்சொல்லை எழுத நேர்ந்தால் அன்றே கட்டத்தில் சேர்த்துவிட வேண்டும்.

கைமாற்றுக் குறிப்பு

அத்தியாயத்தோடு ஒவ்வொருவரும் பத்து வரிக்கு மிகாத ஒரு குறிப்பைத் தர வேண்டும். அதில் இருக்க வேண்டியவை:

கதைக்குள் இப்போது மணி என்ன.
யார் எங்கே இருக்கிறார்கள்.
யாருக்கு என்ன தெரியும், யாருக்குத் தெரியாது.
முக்கியமான பொருள் யார் கையில் (சாவி, போன், மொய்ப் பணம்).
புதிதாக வந்த பெயர்கள், எழுத்துக்கூட்டலோடு.
இன்னும் அவிழாத முடிச்சுகள்.
இந்த அத்தியாயத்தில் அவிழ்ந்துவிட்ட முடிச்சுகள்.

மூன்றாவது வரிதான் உயிர். சித்தப்பா பேருந்து நிலையத்தில் இருக்கிறார் என்பது வாசகருக்குத் தெரியும், ஜெனரேட்டர் பையனுக்குத் தெரியும், பெண்ணின் அப்பாவுக்குத் தெரியாது. இதை எழுதிவைக்காவிட்டால் அடுத்த அத்தியாயத்தில் அப்பா நேரே பேருந்து நிலையத்துக்குப் போய்விடுவார். சங்கிலிக் கதைகளில் விழும் ஓட்டைகளில் மிகப் பெரும்பாலானவை இந்த வகைதான். பொருள்கள் அடுத்தபடி. இரண்டாம் அத்தியாயத்தில் தொலைந்த போன் நான்காம் அத்தியாயத்தில் மணியடிக்கும்.

குறிப்பில் இருக்கக் கூடாதது ஒன்று: "அடுத்து இப்படிப் போகலாம்" என்ற யோசனை. அது வந்துவிட்டால் அடுத்தவர் மரியாதைக்காக அதையே எழுதுவார், அல்லது வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் போவார். இரண்டும் கதைக்கு நல்லதில்லை. ஆனால் எழுதியவர் மனதில் ஒரு வழி இருந்தே ஆக வேண்டும். 1931இல் லண்டன் டிடெக்‌ஷன் கிளப்பின் எழுத்தாளர்கள் சேர்ந்து ஒரு துப்பறியும் நாவலை அத்தியாயம் அத்தியாயமாக எழுதியபோது இதற்கு நல்ல வழி கண்டார்கள். முன்னவர் விட்டுவைத்த சிக்கல்கள் எல்லாவற்றுக்கும் தன்னிடம் ஒரு விடை இருக்கும்படிதான் ஒவ்வொருவரும் எழுத வேண்டும். அந்த விடையையும் தனியே எழுதித் தர வேண்டும். அடுத்தவருக்கு அது காட்டப்படாது. இங்கும் அப்படியே செய்யலாம். அத்தியாயத்தோடு 100 சொல்லில் "என் கணக்கில் கதை இப்படி முடியும்" என்று எழுதித் தொகுப்பாசிரியருக்கு மட்டும் அனுப்பட்டும். விடை தெரியாமல் வெறும் பரபரப்புக்காக ஒரு பிணத்தைக் கொண்டுவந்து போடும் பழக்கம் இதனால் நின்றுவிடும். கதை முடிந்தபிறகு அந்த எட்டு முடிவுகளையும் சேர்த்து வெளியிட்டால், பல நேரம் கதையைவிட அதற்குத்தான் வாசகர் கூட்டம் அதிகமாக இருக்கும்.

செய்யக் கூடாதவை

விதிகளைக் கூட்டிக்கொண்டே போனால் எழுத வந்தவர் ஓடிவிடுவார். ஐந்து போதும். முன்னவர் எழுதியது நடந்தது நடந்ததுதான். கனவு, பிரமை, நடிப்பு என்று அழிக்கக் கூடாது. முக்கியப் பாத்திரத்தை ஏழாம் அத்தியாயத்துக்கு முன் கொல்லக் கூடாது. பெயருள்ள புதிய பாத்திரங்கள் முதல் மூன்று அத்தியாயங்களில் தலா இரண்டு, நான்கிலும் ஐந்திலும் தலா ஒன்று, ஆறு முதல் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஒரு முடிச்சாவது அவிழ வேண்டும். அடுத்தடுத்த இரண்டு அத்தியாயங்கள் ஒரே விதமாக முடியக் கூடாது.

கடைசி விதி சில்லறையாகத் தோன்றும். அதை விட்டுப்பார்த்தால் தெரியும்: போன் மணி, கதவு தட்டும் சத்தம், "திரும்பிப் பார்த்தவள் உறைந்துபோனாள்" என்று வரிசையாக வரும். பாத்திர எண்ணிக்கை விதி இல்லாவிட்டால் இன்னும் மோசம். புதிதாக ஒரு கதவைத் திறப்பது எளிது, திறந்துகிடப்பதை மூடுவது கஷ்டம் என்பதால் எல்லோரும் ஆளுக்கொரு மர்ம மனிதரைக் கொண்டுவருவார்கள். எட்டாம் ஆள் முன் பதினாறு பேர் பதில் கேட்டு நிற்பார்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றியும் முதல் கூட்டத்திலேயே முடிவெடுங்கள். எழுத்துப்பிழை பார்க்கப் பயன்படுத்தலாம், வாக்கியம் எழுதவைக்கக் கூடாது என்பது நடைமுறைக்கு ஒத்துவரும் எல்லை. அடுத்தவர் பதில் சொல்ல வேண்டியது ஒரு மனிதரின் குரலுக்கு. வழுவழுவென்று வந்து விழுந்த அத்தியாயத்தில் அவருக்குப் பிடித்துக்கொள்ளக் கொக்கி எதுவும் இருக்காது.

யார் எப்போது

பெயர்பெற்றவரை முதலில் போடுவது வழக்கம். அது வீண். விதை ஏற்கெனவே இருப்பதால் முதல் அத்தியாயம் ஓரளவு தானே எழுந்துவிடும். கதை தொய்வது நான்கிலும் ஐந்திலும்தான். குழுவில் மிக நிதானமான, முடிச்சுகளைக் கணக்கு வைத்துக்கொள்ளும் எழுத்தாளர் அங்கே வேண்டும். மூன்றாவதில் வேகமாக எழுதுபவரை வைத்தால், முதல் இரண்டில் ஏற்பட்ட தாமதத்தை ஈடுகட்டலாம். நகைச்சுவை கைவந்தவர் ஆறாவதில் இருந்தால் வாசகர் ஒரு மூச்சு விட்டுக்கொள்வார்.

ஏழும் எட்டும் ஜோடி. ஆறாம் அத்தியாயம் வந்தவுடன் இந்த இருவரும் தொகுப்பாசிரியரும் 45 நிமிடம் பேசி முடிவைத் தீர்மானிக்க வேண்டும். மற்ற எல்லோருக்கும் "அடுத்தவரிடம் பேசாதே" என்ற விதி. இவர்களுக்கு மட்டும் பேசியே ஆக வேண்டும். கடைசி ஆள் தனியாகச் சுமந்தால் எல்லோரையும் ஒரே அறைக்குள் கூட்டிவந்து ஒருவர் எழுந்து நின்று விளக்கம் சொல்லும் முடிவுதான் வரும்.

எழுத்துருவும் கோப்பும்

யூனிகோட் தவிர வேறெதையும் வாங்காதீர்கள். பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கணினியில் தமிழாகத் தெரியும் கோப்பு உங்களிடம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு கோப்பை ஒரு முறை முழுக்க வாசிக்க வேண்டும், ஏனென்றால் மேற்கோள்குறிகளும் சில கூட்டெழுத்துகளும் தவறிவிடும். முன்னேற்பாட்டு நாள்களிலேயே ஒவ்வொருவரிடமும் ஒரு பத்தி மாதிரி வாங்கிப் பார்த்துவிட்டால் கெடு நாளில் இந்தத் தலைவலி இருக்காது.

கண்ணுக்குத் தெரியாத பிழைகளும் உண்டு. துணைக்காலுக்குப் பதிலாக ர எழுத்தைத் தட்டுவது, ஔ என்ற ஓரெழுத்துக்குப் பதிலாக ஒ, ள என்று இரண்டெழுத்தாகத் தட்டுவது. திரையில் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும். ஆனால் "ஔவை" என்று தேடினால் "ஒளவை" கிடைக்காது. பாத்திரத்தின் பெயரில் இது நேர்ந்தால் பெயரை ஒரேயடியாக மாற்றும்போது பாதி இடங்கள் விட்டுப்போகும்.

கூகுள் டாக்ஸில் அத்தியாயத்துக்கு ஒரு கோப்பு, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு மூலக்கோப்பு. அத்தியாயக் கோப்பில் அதன் எழுத்தாளருக்கு மட்டும் திருத்தும் அனுமதி. கெடு முடிந்ததும் அதையும் பார்வை அனுமதியாக மாற்றிவிட வேண்டும். மூலக்கோப்பைத் தொகுப்பாசிரியர் மட்டுமே தொடுவார். எட்டுப் பேருக்கும் ஒரே கோப்பில் திருத்தும் அனுமதி கொடுத்தால் யாரோ ஒருவர் நல்லெண்ணத்தோடு முன்னவரின் ஒற்றுப்பிழைகளைத் திருத்தப் புறப்படுவார்; அங்கே மனஸ்தாபம் ஆரம்பமாகும். கோப்புப் பெயர் எண்ணில் தொடங்கட்டும்: "03_வரைவு_1". "கடைசி", "புதுக் கடைசி" என்ற பெயர்கள் வேண்டாம். வாட்ஸ்அப் நினைவூட்டலுக்கு மட்டும். அத்தியாயத்தை அதில் ஒட்டினால் எது திருத்திய பிரதி என்று ஒரு வாரத்தில் யாருக்கும் தெரியாது.

முறை தவறினால்

தவறும். எட்டில் ஒருவராவது காய்ச்சல், கல்யாணம், அலுவலக வேலை என்று சொல்வார் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். மாற்று எழுத்தாளர்கள் இருவர் வேண்டும். மற்றவர்கள் தங்கள் முறைக்கு முன் படித்தால் போதும். மாற்று ஆள்கள் மட்டும் ஒவ்வொரு அத்தியாயத்தையும் குறிப்பையும் வந்த அன்றே படித்துவிட வேண்டும்.

48ஆம் மணி நேரத்தில் ஒருங்கிணைப்பாளர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இதுவரை எத்தனை சொல் ஆகியிருக்கிறது?" "எப்படிப் போகிறது?" என்று கேட்டால் "நன்றாகப் போகிறது" என்றுதான் பதில் வரும். 200க்குக் கீழ் என்றால் மாற்று ஆளைத் தயாராக இருக்கச் சொல்லிவிடலாம். 72 முடிந்து 12 மணி நேரம் சலுகை. அதன்பின் மாற்று ஆளுக்கு 48 மணி நேரம். இடைவெளி நாள்கள் இதற்குத்தான். தவறியவரைக் கழித்துக்கட்ட வேண்டாம். பின்னால் ஓரிடத்தில் இடம் மாற்றிக் கொடுக்கலாம், ஆனால் ஏழிலும் எட்டிலும் கொடுக்காதீர்கள்.

தொகுப்பு

எழுதி முடித்தவுடன் வெளியிடுவதா, முழுதும் முடிந்தபின் வெளியிடுவதா? அத்தியாயம் வந்த அன்றே வாசகருக்குக் கொடுத்தால் சூடு இருக்கும். ஆனால் இரண்டாம் அத்தியாயத்தில் விழுந்த ஓட்டையை ஆறாம் அத்தியாயத்தில் கண்டுபிடித்தாலும் அடைக்க முடியாது. இரண்டு அத்தியாயம் பின்தங்கி வெளியிடுவது நடு வழி: நான்காவது கைக்கு வந்தபின் இரண்டாவது வெளியே போகும்.

பத்து நாள் தொகுப்பில் முதல் நான்கு நாள் தொடர்ச்சி மட்டும்: கைமாற்றுக் குறிப்புகளை வரிசையாக வைத்து மணி, இடம், பொருள், யாருக்கு என்ன தெரியும் என்று சரிபார்ப்பது. அடுத்த மூன்று நாள் மொழி. இரண்டு நாள் எழுத்தாளர்களின் ஒப்புதலுக்கு. கடைசி நாள் யாராவது ஒருவர் முழுக் கதையையும் வாய்விட்டு வாசிக்க வேண்டும். பேச்சு வழக்கு அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஊர் மாறுவது காதுக்குத்தான் முதலில் எட்டும்.

எட்டுக் குரலையும் ஒரே குரலாகச் சீவித்தள்ள வேண்டியதில்லை. குரல் மாறுவதைக் கேட்கத்தான் இந்த வகைக் கதையை வாசிக்கிறார்கள். தொகுப்பாசிரியரின் அதிகார எல்லையை முன்பே எழுதிவையுங்கள்: அத்தியாயத்தில் பத்தில் ஒரு பங்குவரை கேட்காமல் வெட்டலாம், அதற்கு மேல் கேட்க வேண்டும், இரண்டு அத்தியாயங்களுக்கு நடுவே இணைப்பாக இரண்டு வாக்கியம்வரை சேர்க்கலாம், வேறெங்கும் சொந்த வாக்கியம் சேர்க்கக் கூடாது.

உரிமை

நண்பர்களுக்குள் எதற்கு என்று தோன்றும். அச்சுக்குப் போகும்போது அந்த நண்பர்களே கேட்பார்கள். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் பங்கை மற்றவர் பங்கிலிருந்து பிரித்துக் காட்ட முடியாத படைப்புதான் கூட்டுப் படைப்பு. சங்கிலிக் கதையில் யார் எந்த அத்தியாயம் என்பது தெளிவு. எனவே ஒவ்வோர் அத்தியாயமும் அதை எழுதியவருடையது என்று வைத்துக்கொண்டே நடக்க வேண்டும். எட்டில் ஒருவர் மறுத்தாலும் கதையை அச்சிட முடியாது. உரிமையை மாற்றித் தருவதானால் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டு, இடம் சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். வெளிநாட்டு எழுத்தாளர்களும் வாசகர்களும் உள்ள குழுவுக்கு இந்த இரண்டையும் விட்டுவிடுவது ஆபத்து.

ஒரு பக்க ஒப்பந்தம் போதும். எங்கே வெளியிடலாம், எவ்வளவு காலம், பணம் வந்தால் எப்படிப் பிரிப்பது, பெயர்கள் எந்த வரிசையில் (அத்தியாய வரிசையே தகராறில்லாதது), விலக விரும்பினால் என்ன செய்வது. தன் அத்தியாயம் அடுத்தவர் கைக்குப் போகும்வரை திரும்பப் பெறலாம், போனபின் முடியாது என்பது நியாயமான எல்லை. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் (நாம் சொல்லும் நிபந்தனையோடு யாரும் பகிரலாம் என்ற பொது அனுமதி) வெளியிட நினைத்தால், ஒருமுறை கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது என்பதை எல்லோருக்கும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

எல்லாம் முடிந்தபின் கூடும் நேரலைக் கூட்டத்தில் நடக்கும் நிறைவு வாசிப்பு பற்றி ஒரு கணக்கு மட்டும். ஜூமின் இலவசக் கணக்கில் கூட்டம் 40 நிமிடத்தில் அறுந்துவிடும். கூகுள் மீட்டில் மூவருக்கு மேல் இருந்தால் 60 நிமிடம். ஆளுக்கு நான்கு நிமிடம் என்றால் எட்டுப் பேருக்கு 32 நிமிடம், கை மாற்றவும் ஒலிவாங்கியைத் திறக்க மறந்தவருக்காகக் காத்திருக்கவும் இன்னொரு எட்டு. ஆக, பேச்சும் வாழ்த்துரையும் வேண்டுமென்றால் ஜூம் இலவசக் கணக்கு போதாது.

கவிஞர் குழுவானால்

இதே சட்டகத்தில் அந்தாதி நடத்தலாம்; ஒரு பாட்டு முடியும் சொல்லில் அடுத்த பாட்டு தொடங்கும் வகை அது. பத்துப் பேர், ஆளுக்கு மூன்று, முப்பது வெண்பா. ஒரு பாட்டுக்கு 24 மணி நேரம். இங்கே கைமாற்றுக் குறிப்பு தேவையில்லை, கடைசிச் சொல்லே குறிப்பு. ஆனால் அந்தச் சொல்லில்தான் வம்பும் இருக்கிறது. வெண்பாவின் ஈற்றுச்சீர், அதாவது கடைசிச் சீர், நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் (ஓசை அளவைக் காட்டும் மாதிரிச் சொற்களில்) ஒன்றில்தான் முடியும். அந்தச் சொல்லில் தொடங்கும் அடுத்தவருக்கு அதன் இரண்டாம் எழுத்து எதுகையாகவும் (அடிகளின் தொடக்கச் சொற்களில் இரண்டாம் எழுத்து ஒன்றிவருவது) ஆகிவிடுகிறது. "அன்பு" என்று முடித்துக்கொடுத்தால் இன்பம், துன்பம், முன்பு என்று அவருக்குக் கை நிறையச் சொல் இருக்கும். "எஃகு" என்று முடித்தால் அஃது, இஃது, வெஃகு தாண்டி அவர் அகராதியோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். ஈற்றுச்சொல்லுக்குக் குறைந்தது ஆறு எதுகை தன்னால் சொல்ல முடிந்தால்தான் அனுப்பலாம் என்று விதி வைத்துவிடுங்கள்.

முப்பதாவது பாட்டின் கடைசிச் சொல் முதல் பாட்டின் முதல் சொல்லோடு பொருந்தி மண்டலிக்க (வட்டமாக இணைய) வேண்டும். அதாவது முதல் வெண்பாவைத் தொடங்கும் சொல்லே ஈற்றுச்சீராகவும் நிற்கக்கூடியதாக இருக்க வேண்டும். முதல் பாட்டு எழுதுபவர் மூவசைச் சீரில் தொடங்கிவிட்டால் கடைசி ஆள் அதை எங்கும் பொருத்த முடியாது. தொகுப்பாசிரியர் அந்த ஒரு சொல்லை முன்பே தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிடலாம். கடைசிப் பாட்டுக்கு 24 மணி நேரம் போதாது. மூன்று நாள் ஒதுக்குங்கள்.